சாக்குக் கட்சித் தலைவி

எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் ஒரு சணல் சாக்கு தொங்குகிறது. சர்க்கரை மூட்டை வந்த சாக்கு. பக்கத்தைப் பிரித்து அகலமாக்கி, ஓரம் நூல் நூலாகப் போகாமல் இருக்கச் சிவப்புச் சேலையின் கரையைக் கிழித்து வைத்துத் தைத்திருக்கிறது. அதை எடுத்து உதறினால் இன்றைக்கும் மடிப்பிலிருந்து இரண்டு மூன்று வெங்காயத் தோல் பறக்கும். என் மருமகள் அதைக் கால்மிதியாகப் போடலாம் என்று ஒருதரம் எடுத்தாள். "அது கால்மிதி இல்லம்மா, மாட்டிரு" என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல்ல வரவில்லை. எப்போதுமே அப்படித்தான். ஐந்தாவது வரைக்கும் படித்தேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், எழுதச் சொன்னால் கொஞ்சம் வரும். அதனால் அந்தச் சாக்குக்குச் சொந்தக்காரரைப் பற்றி எழுதுகிறேன்.

ஊரில் மகளிர் குழு ஆரம்பித்தபோது அவரைத் தலைவியாகப் போட்டார்கள். குழு பிறகு கலைந்து போனது, பட்டம் மட்டும் அவரோடு ஒட்டிக்கொண்டது. நான் அவரைத் தலைவியக்கா என்று கூப்பிடுவேன். அவர் கீழத்தெரு, நான் மேலத்தெரு. யார் எந்தத் தெருவில் இருப்பார்கள் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் எங்கள் ஊர் மாதிரி எத்தனையோ ஊர். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு என் நாத்தனார், "அவ உனக்கு எந்த வழியில அக்கா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்காக நான் அக்கா என்று கூப்பிடுவதை விடவில்லை.

எங்களுக்குப் பழக்கம் வெங்காயக் காட்டில். சின்ன வெங்காயம் பிடுங்கும் காலத்தில் கூலிக்குப் போகிற பெண்களுக்குத் தெரு கிடையாது. பிடுங்கிக் குவித்த வெங்காயத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, அதன் தலையில் நீண்டிருக்கும் தாளை அரிந்து தனியாகப் போடுவோம். தாள் எடுத்துக் காயவைத்தால்தான் வியாபாரி வண்டி வாங்கும், இல்லையென்றால் மூங்கில் படலுக்குள் சேர்த்துப் பட்டறை போட்டு வைக்கவேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை என்பதால் ஆளுக்கொரு சாக்கு கொண்டுபோவோம். அக்காவின் சாக்கு மட்டும் இரண்டு ஆள் அகலம். அதில் அவர் ஒரு பாதியில்தான் உட்காருவார். மறுபாதி சும்மா கிடக்கும். "ஏக்கா, நடுவுல உக்காந்தா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். "வர்றவங்க உக்காரட்டுமேடி" என்றார். சாக்கு கொண்டுவர மறந்தவள், மாசமாக இருப்பவள், மண்ணில் உட்கார முடியாத கிழவி, யாராவது ஒருத்தி வந்து அந்தப் பாதியில் உட்காருவாள். நானும் உட்கார்ந்திருக்கிறேன். நான் பேசமாட்டேன், அவர் பேச்சை நிறுத்தமாட்டார். அப்படி எங்களுக்குள் ஒத்துப்போனது.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் சண்டை வந்தது. அக்காவின் மகன் அப்போதுதான் சுண்ணாம்புக்கல் லாரியில் டிரைவராகச் சேர்ந்திருந்தார். புது பைக்கில் எங்கள் தெரு வழியாக ஆரன் அடித்துக்கொண்டு போனார். அவ்வளவுதான். எங்கள் தெருவிலேயே அதிக நிலம் வைத்திருந்த பெரியவீட்டுக்காரரின் மகன் வண்டியை மறித்து, "எந்தத் தெருவுல வந்து ஆரன் அடிக்கிற?" என்று கேட்க, வார்த்தை வளர்ந்து, தடியால் அடித்ததில் அக்கா மகனின் வலது கை முழங்கைக்குக் கீழே இரண்டாக முறிந்து போனது. தலையிலும் தையல். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போலீஸ் வந்து கேஸ் எழுதிக்கொண்டு போனது. ஆனால் போலீஸ் ஜீப் போன பிறகுதான் ஊருக்குப் பயமே வந்தது. கீழத்தெருப் பையன்கள் கம்பு சேர்க்கிறார்கள் என்று மேலத்தெருவில் பேச்சு. மேலத்தெருவில் வெளியூர் ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள் என்று கீழத்தெருவில் பேச்சு. என் வீட்டுக்காரரும் ஒரு வேல்கம்பை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்தார். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு ஆட்டைக்கூட அடித்தது கிடையாது.

கீழத்தெருப் பெண்கள் வேலைக்கு வருவது நின்றுபோனது. பெரியவீட்டுக்காரருக்குத்தான் அந்த வருஷம் ஊரிலேயே அதிக வெங்காயம். பிடுங்கிய வெங்காயம் கரிசல் காட்டில் குவியல் குவியலாகக் கிடந்தது. தூறல் வேறு போட்டுவிட்டது. கரிசலில் ஈரம் ஏறினால் வெங்காயம் அழுகிப் போகும். மனிதர் வானத்தைப் பார்ப்பதும் வெங்காயத்தைப் பார்ப்பதுமாக நின்றார்.

அப்போது அக்கா வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, மகனின் ரத்தம் பட்ட சட்டையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் தெருவுக்குள் தனியாக நடந்து வந்தார். வாசலில் நின்று நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கீழத்தெருவின் வயசாளிகள் பெரியவீட்டுக்காரரைச் சாமி என்று கூப்பிடுவார்கள். அக்கா அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஏங்க" என்பார், அவ்வளவுதான்.

"ஏங்க, வெங்காயம் அழுவுதே, தாள் எடுக்க வேணாமா?"

அவர் திகைத்துப் போனார். "யாரு வருவா இப்ப?"

"நாங்க வரோம். காட்டுக்கு வரமாட்டோம். ரெண்டு தெருவுக்கும் நடுவுல தார் ரோடு காஞ்சி கெடக்கு. வெங்காயத்த அங்க கொண்டாந்து கொட்டுங்க. ரெண்டு தெருவும் வந்து உக்காருவோம்."

தார் ரோட்டில் சோளமும் எள்ளும் காயப்போடுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். அதனால் அவருக்கு அதில் சந்தேகம் வரவில்லை. அவர் மனசு கணக்குப் போட்டது வெங்காயத்தை. ஆனாலும் விடாமல், "அப்படியே அந்தக் கேஸையும் வாபஸ் வாங்கிக்கிட்டீன்னா..." என்று இழுத்தார்.

"உக்கார்றது வேற, வாபஸ் வாங்குறது வேற" என்றார் அக்கா. "கேஸு கேஸா நடக்கட்டும். எம்புள்ள கைய ஒடிச்சதுக்கு உங்க புள்ள கோர்ட்டுல நிக்கட்டும். கம்பு மட்டும் வேணாம்."

சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்தார். எத்தனை பேர் அங்கே வாயாடிகள் நின்றார்கள்! "தங்கச்சி, நீ வந்து உக்காரு" என்றார். எனக்கு முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளத்தான் தோன்றியது. "எனக்குப் பேச வராதேக்கா" என்றேன். "நீ பேச வேணாம்டி. பேசுறவளுவ எல்லாம் பேசித்தான் இந்த நெலம. நீ உக்காந்தா போதும்" என்றார். அறுபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்துவிட்டேன். என்னிடம் இருந்த குறையையே ஒரு வேலைக்கு ஆகும் என்று பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்.

வண்டி வண்டியாக வெங்காயம் வந்து ரோட்டில் இறங்கியது. இந்தத் தெரு முனையிலிருந்து அந்தத் தெரு முனை வரைக்கும், ரோட்டின் அகலத்துக்கும், இளஞ்சிவப்பாகப் பரவிக் கிடந்தது. அக்கா இரண்டே விஷயம் சொன்னார். ஒரு மேலத்தெரு, ஒரு கீழத்தெரு என்று மாற்றி மாற்றி உட்கார வேண்டும். அருவா யாரும் கொண்டுவரக் கூடாது. "தாள எதால அரியறது?" என்று ஒருத்தி கேட்டாள். "கையால திருவு. ரோட்டுல பொம்பளைங்க அருவாளோட உக்காந்திருக்காளுவன்னு ஒரு சொல் வந்துரக் கூடாது" என்றார். காய்ந்த தாளைக் கையால் திருகிப் பாருங்கள், கட்டைவிரலில் தோல் உரிந்துவிடும். உரிந்தது. வெங்காயச் சாறு பட்டு எரிந்தது. பக்கத்தில் இருந்தவள் எந்தத் தெரு என்று நினைக்க நேரமில்லாமல் இரண்டு பேரும் ஒரே மாதிரி விரலை ஊதிக்கொண்டோம்.

முதலில் வந்து உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பயத்தில் பாதிப் பேர் வாசலோடு நின்றார்கள். அந்த நேரத்தில் பெரியவீட்டிலிருந்து அந்த வீட்டு மருமகள், அதாவது கையை உடைத்தவனின் மனைவி, பால் குடிக்கிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அந்த வீட்டுப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பழி வாங்க வருகிறவன் முதலில் தேடப்போவது தன் புருஷனைத்தான் என்று அவளுக்குத் தெரியும். யாரையும் பார்க்காமல் வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். அக்காவின் சாக்கில் மறுபாதி சும்மா கிடந்தது. அதில் உட்கார்ந்தாள். எங்கள் கை எல்லாம் நின்றுவிட்டது. அக்கா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு குத்து வெங்காயத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "புள்ள மேல வெயில் படுது பாரு, முந்தானையப் போடு" என்றார். அவ்வளவுதான். அவளுடைய கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெங்காயம் என்று வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருத்தியாகச் சாக்கோடு வந்தார்கள்.

சாயங்காலம் பையன்கள் வந்தார்கள். கீழத்தெரு முனையில் ஒரு கும்பல், மேலத்தெரு முனையில் ஒரு கும்பல். நடுவில் நாங்களும் வெங்காயமும். வெளிச்சம் இன்னும் இருந்தது. என் வீட்டுக்காரர் அந்த வேல்கம்போடு நிற்பதை நான் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அவர் அதைத் தாழ்த்திப் பிடித்தார். யாரோ கத்தினார்கள், இரண்டு பக்கமும் ஓடி வந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்காவின் குரல் மட்டும் கேட்டது: "எந்திரிக்காதீங்கடி! உக்காருங்கடி!"

அடுத்துக் கேட்டது பெரியவீட்டுக்காரரின் குரல். "டேய்! எவன்டா அவன் செருப்புக் காலோட? வெங்காயத்த மிதிச்சீங்க, கால ஒடிச்சிருவேன்!"

கண்ணைத் திறந்து பார்த்தால் மனிதர் தன் பக்கத்துப் பையன்களைப் பார்த்துத்தான் கத்திக்கொண்டிருந்தார். முதல் நாள் வரைக்கும், விடாதீங்கடா என்று சொல்லிக்கொடுத்தவர் அவரேதான். எங்கள் பக்கத்தில் விளைச்சலைக் காலால் மிதிக்கமாட்டார்கள். பரம ஏழையும் மிதிக்கமாட்டான், ரவுடியும் மிதிக்கமாட்டான். ஓடி வந்த வேகத்தில் அத்தனை பேரும் வெங்காயத்தின் ஓரத்தில் வந்து நின்றுவிட்டார்கள். கீழத்தெருப் பையன் ஒருவன் என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். ஒரு கையில் கம்பு, ஒரு கையில் செருப்பு. இரண்டையும் வைத்துக்கொண்டு எங்கே காலை வைப்பது என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏண்டா, அடிக்க வந்தியா, கோயிலுக்கு வந்தியா?" என்றாள் கீழத்தெருப் பெண் ஒருத்தி. அவனுடைய சொந்தச் சித்தி. முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு இரண்டு தெருப் பெண்களும் சிரித்தோம். பயத்தில் வந்த சிரிப்பு, நிற்கவே இல்லை. பெண்கள் அத்தனை பேர் உட்கார்ந்து சிரிக்கும்போது எதிரில் கம்பை ஓங்கி நிற்பது ஆண்களுக்குக் கஷ்டம்தான் போலிருக்கிறது. ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

பெரியவீட்டு வெங்காயம் தீர்ந்ததும் அக்கா இன்னொருவரின் மக்காச்சோளத்தைக் கொண்டுவந்து கொட்டவைத்தார். ரோடு காலியாகக் கூடாது என்பார். மினி பஸ் வந்தால் மட்டும் ஒரு பக்கமாக ஒதுக்கிவிடுவோம். அதன் டிரைவர்தான் ஆரனை அமுக்கிக்கொண்டே, "ஏய் சாக்குக் கட்சி, வழி உடுங்க!" என்று கேலி செய்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கட்சி பிறகு அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் போனது. விக்கிரமங்கலம் பக்கம், ரஞ்சன்குடி பக்கம், எங்கே இரண்டு தெருவுக்கு ஆகவில்லை என்றாலும் யாராவது ஒரு பெண் அக்காவுக்குச் சொல்லி அனுப்புவாள். நாங்கள் பஸ் ஏறிப் போவோம். அந்தந்த ஊர்ப் பெண்களை, அந்தந்த ஊர் விளைச்சலோடு உட்கார வைப்போம். ஒரு ஊரில் எங்கள்மேல் சாணித் தண்ணீர் ஊற்றினார்கள். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கூரு மாட்டுச் சாணி இதவிட நல்லாருக்கும்" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்தார். இன்னொரு ஊருக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஓர் உயிர் போய்விட்டது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஒப்பாரி கேட்டது. அன்று திரும்பி வரும்போது அக்கா சாக்கை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். ஒருமுறை டவுனில் மேடையில் ஏற்றிச் சால்வை போட்டு, என்ன செய்தீர்கள் என்று மைக்கை நீட்டினார்கள். "நாங்க ஒண்ணும் பண்ணலீங்க, உக்காந்தோம்" என்றார். கைதட்டினார்கள். அவர் அதைப் பணிவுக்காகச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார்.

அவரிடம் எல்லாம் நல்லது என்று எழுதினால் அவரே என்னைத் திட்டுவார். பிடிவாதக்காரர். சொன்னதைக் கேட்காதவளை ரோடு என்றும் பாராமல் வைவார். ஊர் ஊராகப் போனதில் வீட்டு அடுப்பு பல நாள் எரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய மகன். கட்டுப் பிரித்தபோது மகனின் கை கோணலாகச் சேர்ந்திருந்தது. லாரி வேலை போய்விட்டது. தான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தன்னை அடித்தவனின் மனைவி தன் தாயின் சாக்கில் உட்கார்ந்தாள் என்று கேள்விப்பட்டதும், எல்லோர் முன்னாலும், "எனக்கு அம்மா கெடையாது" என்று சொல்லிவிட்டுத் திருப்பூருக்குப் போனார். கேஸ் நடந்து, அடித்தவன் வாய்தா வாய்தாவாக அலைந்து, கடைசியில் தண்டனையும் அனுபவித்து வந்தான். அக்கா ஒரு வாய்தாவையும் விடவில்லை, சாட்சிக்கூண்டில் ஏறி நின்றார். அதைக் கேட்டும் மகன் மனம் இறங்கவில்லை. பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து, மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்தார். ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் பேச்சு அக்காவின் மருமகள் வழியாக. "அந்தம்மா சாப்ட்டுச்சான்னு கேளு" என்பார் அவர். "சாப்ட்டேன்னு சொல்லு" என்பார் அக்கா. நடுவில் அந்த மருமகள் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒருநாள் நான் தாங்கமுடியாமல், "உங்களுக்கு மனசு வலிக்கலியாக்கா?" என்று கேட்டேன். தாளைத் திருகிக்கொண்டே, "வலிக்காம?" என்றார். அடுத்த வெங்காயத்தை எடுத்து, "அன்னிக்கி அவனோட சேக்காளிங்கள ஓட உட்டிருந்தா, ஆஸ்பத்திரியிலேருந்து எந்திரிச்சி இவனும்தான் போயிருப்பான். ஒண்ணு வெட்டியிருப்பான், இல்ல வெட்டுப்பட்டிருப்பான். இப்ப கோவமா இருக்கான். உசுரோட இருந்து கோவப்படட்டும்டி" என்றார்.

போன வருஷம் மறுபடியும் சண்டை வந்தது. இந்தத் தடவை ஆரன் இல்லை, செல்போன். யாரோ எதையோ எழுதிப் போட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் பையன்கள் அடித்துக்கொண்டார்கள். சாயங்காலம் அதே இரண்டு முனையிலும் கும்பல். அன்று பெரியவீட்டு மருமகளின் இடுப்பில் இருந்த பால்குடிப் பிள்ளை இப்போது மீசை வைத்துக்கொண்டு கையில் கம்போடு எங்கள் முனையில் முன்னால் நின்றான். அக்காவுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. கட்டிலை விட்டு எழுந்திருக்க ஆள் வேண்டும். கட்சியில் பலபேர் செத்துப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களும் யாராவது கூப்பிடுவார்கள் என்று வீட்டுக்குள் இருந்தோம். கூப்பிடுகிறவர் கட்டிலில் இருக்கிறார் என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

பட்டறையிலிருந்து ஒரு கூடை வெங்காயத்தை எடுத்துக்கொண்டு போய் ரோட்டின் நடுவில் கொட்டினேன். என் சின்னச் சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கூடை வெங்காயம் அந்த ரோட்டில் ஒரு கைக்குட்டை விரித்த மாதிரி இருந்தது. "கெழவி, எந்திரிச்சி வூட்டுக்குப் போ" என்று எங்கள் தெருப் பையனே கத்தினான். நான் தாளைத் திருகினேன். பெரியவீட்டு மருமகள் வந்து என் எதிரில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள், தன் மகனுக்கு முதுகைக் காட்டாமல், அவன் முகத்தைப் பார்த்தபடி. கீழத்தெருவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அதற்குமேல் யாரும் வரவில்லை.

அப்போது கீழத்தெருக் கும்பல் விலகி வழிவிட்டது. அக்காவின் மகன் வந்தார். தலை நரைத்திருந்தது, சட்டையெல்லாம் பஞ்சர் கடைக் கரி. அந்தக் கோணல் கையில் ஏதோ வைத்திருந்தார். கம்பு என்று நினைத்தேன். பக்கத்தில் வந்தபிறகுதான் சிவப்புக் கரை தெரிந்தது.

"அம்மா குடுத்து உட்டாங்க" என்றார்.

அந்தம்மா என்று சொல்லவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் வாயில் அந்த வார்த்தையைக் கேட்டேன். சாக்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. "எங்க உக்காரணும்?" என்று கேட்டார். ஆண்கள் யாரும் இதுவரைக்கும் எங்களோடு உட்கார்ந்ததில்லை. என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது, இரண்டு முனைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வந்தது: "மாத்தி மாத்தி உக்காரணும் தம்பி. இங்க வாங்க."

சாக்கை விரித்தார். ஒரு பாதியில் உட்கார்ந்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே மறுபாதியை விட்டுவிட்டார். ஒரு வெங்காயத்தை எடுத்து, சரியாகத் திரும்பாத அந்தக் கையில் பிடித்துக்கொண்டு, இடது கையால் தாளைத் திருகினார். தரையில் உட்கார்ந்திருந்த பெரியவீட்டு மருமகளைப் பார்த்து, "தரை சுடுதுல்ல, இதுல உக்காருங்க" என்றார். அவள் எழுந்து வந்து, அன்றைக்கு உட்கார்ந்த அதே பாதியில் உட்கார்ந்தாள். அவளுடைய மகன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கை எப்படிக் கோணலானது என்று அவனுக்குத் தெரியும், ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவனுடைய அப்பா, அன்றைக்கு அந்தக் கையை ஒடித்தவர், ஓரமாக நின்றார். அவர் வந்து உட்காரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் காலில் இருந்த செருப்பைக் கழற்றித் தள்ளி விட்டுவிட்டு, மகனின் கையிலிருந்த கம்பை வாங்கிக்கொண்டார். பிறகு வாசல் வாசலாகச் சாக்குகள் வர ஆரம்பித்தன. யார் யாரோ கூடை கூடையாக வெங்காயம் கொண்டுவந்து கொட்டினார்கள்.

அன்று எங்கள் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. பேப்பரில் வரவில்லை, டிவியில் காட்டவில்லை. பஸ் வந்தது, ஒதுக்கிவிட்டோம், போனது.

எழுந்திருக்கும்போது சாக்கை மடித்து அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. "உங்க வூட்டுலயே மாட்டி வெக்கச் சொன்னாங்க. எப்பன்னாலும் சொல்லுங்க, வந்துர்றேன்" என்றார். மறுநாள் நான் அக்காவைப் பார்க்கப் போனேன். மகன் அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "அழுத்தித் தேயிடா, வெங்காயத் தாளா திருவுற?" என்று அக்கா நேராக அவரைப் பார்த்து வைதுகொண்டிருந்தார். நடுவில் மருமகள் இல்லை. நான் வாசலோடு திரும்பி வந்துவிட்டேன்.

இந்த வருஷ வெங்காயம் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று ஆணியிலிருந்து சாக்கை எடுத்து வெயிலில் போட்டேன். சிவப்புக் கரை ஓர் இடத்தில் விட்டிருந்தது, தைத்தேன். உதறவில்லை. மடிப்பில் இருக்கிற தோல் இருக்கட்டும். சாயங்காலம் மறுபடியும் அதே ஆணியில் மாட்டினேன், கதவைத் திறந்தால் கைக்கு எட்டுகிற உயரத்தில்.